உங்கள் பெயரில் போகும் கேஸ் மானியம்: நீங்களே கணக்குப் பார்ப்பது எப்படி

கேஸ் புத்தகம், வங்கிப் பாஸ்புக், ஆதார் அட்டை, கடைசியாக வந்த சிலிண்டர் பில். இந்த நாலையும் எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பில் தொலைந்திருந்தால் ஃபோனில் வந்த எஸ்எம்எஸ் போதும். அரசாங்கத்திடம் மானியக் கணக்குக் கேட்பது என்றாலே டெல்லி, பட்ஜெட், லட்சம் கோடி என்று நினைப்பு ஓடுகிறது, அவ்வளவு பெரிய தொகையை நாம் எங்கே போய்ப் பிடிப்பது என்று அங்கேயே சோர்ந்துவிடுகிறோம். நான் சொல்லப்போவது அடுப்படியில் தொடங்கும் வழி. பெரிய படிப்பு வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டும் கொஞ்சம் பிடிவாதமும் இருந்தால் சரி.

நான் இருப்பது சேலம் அஸ்தம்பட்டி பக்கம். என் அத்தை ஏற்காட்டு மலையில் ஒரு கிராமத்தில் இருக்கிறார், காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர், ஏழை வீட்டுப் பெண்களுக்கான உஜ்வாலா திட்டத்தில் வந்த கேஸ் இணைப்பு வைத்திருக்கிறார். ஒரு பொங்கலுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்த நேரத்தில், உங்கள் சிலிண்டர் டெலிவரி செய்யப்பட்டுவிட்டது என்று அவர் ஃபோனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. காலி சிலிண்டர் திண்ணையில் கிடந்தது. கேட்டால், "அது அப்படித்தான் வரும் கண்ணு, சிலிண்டர் அப்புறமா வரும்" என்றார், ஏதோ மழை வருவதைச் சொல்வதுபோல. அன்றைக்கு ராத்திரியே அவர் இணைப்பின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷத்தில் ஏழு சிலிண்டர் வாங்கியதாக இருந்தது. அத்தைக்குச் சிலிண்டர் மாட்டிய நாளை மாதக் காலண்டரில் சுழித்து வைக்கும் பழக்கம் உண்டு, எண்ணினால் நாலு சுழி. மானியமாக ஒரு ரூபாய்கூட கைக்கு வரவில்லை என்றும் சொன்னார். ஏழுக்கும் மானியம் போயிருந்தது, நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்து அவரே மறந்துவிட்ட வேறொரு வங்கிக் கணக்குக்கு.

எழுத்தில் ஏழு, வீட்டில் நாலு. இந்த இரண்டு எண்ணையும் எதிரெதிரே வைக்கத் தெரிந்தால் போதும், மானியக் கணக்குக் கேட்கும் வேலையில் பாதி முடிந்த மாதிரி. நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஒரு நாட்டையே உலுக்கிய விஷயம் இதே மாதிரி இரண்டு எண்ணில்தான் வெளியே வந்தது.

எங்கள் தெருவில் ஒருவரின் மகன் நைஜீரியாவில் லாகோஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார். எண்ணெய் எடுக்கிற நாட்டில் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கிறேன் என்று அவர் ஃபோனில் சொல்வதைக் கேட்டுத்தான் அந்த ஊர்க் கதையைத் தேடிப் படித்தேன். ஆப்பிரிக்காவில் கச்சா எண்ணெய் எடுப்பதில் முன்வரிசையில் இருக்கும் நாடு அது. ஆனால் போர்ட் ஹார்கோர்ட், வாரி, கதுனா ஆகிய ஊர்களில் இருக்கும் அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் பல வருஷம் ஒழுங்காக ஓடவில்லை, அதனால் கச்சா எண்ணெயை வெளியே விற்றுவிட்டு பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கினார்கள். வாங்கும் விலைக்கும் பங்கில் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இறக்குமதி செய்தவர்களுக்கு அரசு மானியமாகக் கொடுத்தது. 2012 ஜனவரி 1 அன்று, புத்தாண்டு நாளில், அந்த மானியத்தை எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். லிட்டர் 65 நைராவாக (அந்த நாட்டு நாணயம்) இருந்த பெட்ரோல் 140ஐத் தாண்டியது. நாடு முழுக்க வேலைநிறுத்தம், தெருவெல்லாம் ஜனம், இரண்டு வாரத்தில் 97 நைராவுக்கு இறக்கினார்கள்.

அதற்கப்புறம் நாடாளுமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து கணக்கைப் புரட்டியது. 2011ஆம் வருஷம் ஒரு நாளைக்கு 5.9 கோடி லிட்டருக்கு மானியம் கொடுத்ததாக எழுத்தில் இருந்தது. நாடு உண்மையில் எரித்தது நாளைக்குச் சுமார் 3.5 கோடி லிட்டர்தான் என்று குழு கண்டது. 2006ல் ஐந்தாக இருந்த இறக்குமதிக் கம்பெனிகள் 2011ல் 140 ஆகியிருந்தன. 2009 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் 99.9 கோடி நைரா, அதே தொகை, 128 முறை பட்டுவாடா ஆகியிருந்தது. மூன்று வருஷத்தில் போனது 1.07 லட்சம் கோடி நைரா என்று 2012 ஏப்ரலில் அறிக்கை வந்தது. இதில் என்னை மிகவும் உறுத்திய இடம் வேறு. அந்தக் குழுவின் தலைவராக இருந்த ஃபாரூக் லவானே ஒரு எண்ணெய் வியாபாரியிடம் 5 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2021ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஜெயிலுக்குப் போனார். கணக்குக் கேட்கப் போனவரிடமும் கணக்குக் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் 2023 மே 29 அன்று புது அதிபர் போலா தினுபு பதவியேற்ற மேடையிலேயே மானியம் முடிந்தது என்று சொல்லிவிட்டார், சில நாளில் பெட்ரோல் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. இடையில் தின்றவர்கள் தின்றுவிட்டார்கள், விலையை மட்டும் ஜனங்கள் கட்டுகிறார்கள். மானியம் வேண்டுமா வேண்டாமா என்று கட்சி பிரிந்து சண்டை போடுவதற்கு முன்னால், கொடுத்ததாகச் சொன்னது யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டாக வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. உஜ்வாலா திட்டத்தைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி, 2019ல் கொடுத்த அறிக்கையில், ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரே நாளில் 2 முதல் 20 சிலிண்டர் வரை கொடுத்ததாக 3.44 லட்சம் பதிவுகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரம்பியதைத் தருவார்கள், ஒரு நாளில் எந்த வீட்டில் இருபது காலியாகும்? அதே அறிக்கையில், ஒரு வருஷத்துக்கு மேல் இணைப்பு வைத்திருந்த உஜ்வாலா வீடுகள் வருஷத்துக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கின என்றும் இருக்கிறது. ஒரு பக்கம் வாங்க முடியாத வீடு, இன்னொரு பக்கம் நாளைக்கு இருபது. அத்தையின் ஏழையும் நாலையும் நான் சும்மா விடாததற்கு இந்த அறிக்கையும் ஒரு காரணம். வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கடைக்கும் ஹோட்டலுக்கும் போகும் சிலிண்டருக்கு 18 சதவீதம், விலை வித்தியாசம் அதற்கு மேல், அதனால் வீட்டுக் கணக்கில் எழுதிக் கடைக்குத் தள்ளினால் தள்ளுகிறவருக்கு லாபம் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கு

கேஸ் புத்தகத்திலோ பில்லிலோ 17 இலக்க எல்பிஜி அடையாள எண் இருக்கும். மை எல்பிஜி டாட் இன் என்ற தளத்துக்குப் போய் உங்கள் கம்பெனியை, இண்டேன், பாரத், எச்பி எதுவோ அதை, தேர்ந்தெடுத்து இந்த எண்ணோடு உள்ளே போனால் எந்தெந்தத் தேதியில் சிலிண்டர் கொடுத்ததாகப் பதிவு, எவ்வளவு மானியம், எந்த வங்கிக்குப் போனது என்று வரிசையாக வரும். ஃபோனில் பழக்கம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம், அல்லது கேஸ் ஏஜென்சியிலேயே போய் என் கடைசி ஒரு வருஷப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் அவர்கள் பதிவில் இருக்கும் தேதிகள், வலப்பக்கம் சிலிண்டர் உண்மையில் வந்த தேதிகள். வலப்பக்கம் ஞாபகத்தில் எழுதினால் நிற்காது, பில்லோ காலண்டர் சுழியோ வேண்டும், இதுவரை அந்தப் பழக்கம் இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள், ஆறு மாதத்தில் உங்கள் கையில் ஒரு சாட்சி இருக்கும்.

யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது, அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். சாதாரண இணைப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கு 2020 மே மாதத்துக்குப் பிறகு வங்கிக்கு மானியம் பெரும்பாலும் வருவதில்லை. உஜ்வாலா வீடுகளுக்கு 2022 மே முதல் சிலிண்டருக்கு 200 ரூபாய், 2023 அக்டோபரில் அது 300 ஆனது. முன்பு வருஷத்துக்கு 12 சிலிண்டர் வரை கொடுத்தார்கள், 2025-26க்கு 9 சிலிண்டர் என்று வைத்தார்கள். இந்த ஒன்பது என்ற எல்லையால் பொய்ப் பதிவின் பாரம் இன்னும் கூடுகிறது: வராத மூன்று சிலிண்டரை உங்கள் பெயரில் எழுதினால் உங்களுக்கு மிச்சம் ஆறுதான்.

பணம் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வங்கிக் கணக்கை. மானியம் ஆதார் வழியாக வருவதென்றால், ஆதார் எண்ணோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கைச் சேர்த்தார்களோ அதற்குத்தான் போகும், நீங்கள் ஏஜென்சியில் கொடுத்த பாஸ்புக் நகலைப் பார்த்துப் போகாது. ஆதார் கொடுக்கும் அமைப்பான யுஐடிஏஐ தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் (ஆதாரோடு வங்கியைச் சேர்த்த நிலை) என்று ஒரு பகுதி இருக்கிறது, ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டால் எந்த வங்கி என்று காட்டும். மாற்ற வேண்டுமா, உங்களுக்கு வேண்டிய வங்கிக்குப் போய் ஆதார் சீடிங் படிவம் கேட்டு எழுதிக் கொடுங்கள். அத்தையின் பழைய கணக்கில் போய்ப் பார்த்தபோது இரண்டாயிரத்து நூறு ரூபாய் அப்படியே கிடந்தது. அதைக் கையில் வாங்கியபோது அவர் சந்தோஷப்படவில்லை, இவ்வளவு நாள் மானியத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து விறகுக்குப் போனேனே என்று அழுதார்.

சிலிண்டர் வீட்டு வாசலுக்கு வரும்போது செய்ய வேண்டியது மூன்று. டெலிவரிக்கான ஓடிபியைச் சிலிண்டர் கண்ணில் படும் முன் யாரிடமும் சொல்லாதீர்கள், "நாளைக்குக் கொண்டு வர்றேன், நம்பரை மட்டும் இப்பச் சொல்லுங்க அக்கா" என்று ஃபோனில் கேட்டால் அப்போதுதான் கட்டாயம் சொல்லக் கூடாது. இணைப்பில் உங்கள் நம்பர்தான் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, எடை. சிலிண்டரின் மேல் வளையத் தகட்டில் காலி எடை பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை. காலி எடை 15.8 என்றால் மொத்தம் 30 கிலோ, 150 கிராம் வரை முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் வாங்காதீர்கள். எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை, தராசு கொண்டு வரவில்லை என்றால் அதையே புகாராக எழுதலாம். மூன்றாவது, பில்லில் எழுதாத பணம் கொடுக்காதீர்கள். மலைக்கு ஏறுவதற்குத் தனி, படிக்குத் தனி என்று கேட்கிறார்கள், தூரத்துக்காகக் கூடுதல் கட்டணம் உண்டு என்றால் அது பில்லிலேயே இருக்க வேண்டும். தூக்கி வரும் தம்பிக்கு மனசார நீங்கள் பத்து இருபது கொடுப்பது வேறு விஷயம், அவர்கள் சம்பளமும் பெரிதாக இருப்பதில்லை.

பெட்ரோல் பங்கில் மானியம் என்று இப்போது எதுவும் இல்லை, ஆனால் அளவு குறைவதும் உங்கள் பணம்தான் என்பதால் இரண்டு வரி. ஒவ்வொரு பங்கிலும் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுக் குவளை இருக்கும், கேட்டால் அளந்து காட்ட வேண்டும், 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. கலப்படச் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும்.

பெரிய கணக்கை எப்படிப் படிப்பது

மானியம் என்ற பெயரில் மேடையில் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு உதாரணம் போதும். 2015 ஜனவரியில் நாடு முழுக்க கேஸ் மானியத்தை நேராக வங்கிக்கு அனுப்பும் பஹல் திட்டம் வந்தது. அதனால் பல ஆயிரம் கோடி மிச்சம் என்று சொன்னார்கள். சிஏஜி பார்த்தது: 2014 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மானியச் செலவு 35,400 கோடி ரூபாய், அடுத்த வருஷம் அதே மாதங்களில் 12,084 கோடி. குறைந்ததில் 21,552 கோடி உலகச் சந்தையில் விலை இறங்கியதால் வந்தது, மானியம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தவர்களாலும் வாங்கிய சிலிண்டர் குறைந்ததாலும் வந்தது 1,764 கோடி. திட்டம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, பணம் நேராக வருவது நல்லதுதான், ஆனால் சொன்ன எண்ணுக்கும் இருந்த காரணத்துக்கும் நடுவே இவ்வளவு பள்ளம்.

மறைந்து நிற்கும் மானியமும் உண்டு. 2005 முதல் சில வருஷம், பெட்ரோல் டீசலை அடக்க விலைக்குக் கீழே விற்ற எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் காசாகக் கொடுக்காமல், பின்னால் தருகிறோம் என்று கடன் பத்திரமாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருஷ பட்ஜெட்டில் பற்றாக்குறை கூடாமல் தெரியும், கடன் மட்டும் அடுத்தவர் தலையில். 2014ல் அந்த எண்ணெய்ப் பத்திரங்களில் 1.34 லட்சம் கோடி ரூபாய் பாக்கி இருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கடனைக் காட்டி வரியைக் குறைக்க முடியாது என்றார்கள், அதுவும் முழு உண்மை இல்லை, அதே காலத்தில் கலால் வரியாக வந்த வருமானம் அதைவிடப் பல மடங்கு. 2022ல் 22,000 கோடி, 2025ல் 30,000 கோடி என்று சிலிண்டர் நஷ்டத்துக்காக எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஒதுக்கியதும் உங்கள் வங்கிக்கு வராத மானியம்தான். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கேள்வியை ஒரே குரலில் கேட்க வேண்டும், நம் கட்சி என்றால் மெதுவாகக் கேட்பது கணக்குக் கேட்பது ஆகாது.

பெட்ரோல் விலையையும் இப்படிப் பிரியுங்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கலால் லிட்டருக்கு 21.90 ரூபாய், அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் 1.40 மட்டும், மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி. தமிழ்நாடு அரசு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் வாட் போடுகிறது, 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு உள்ள கணக்கு இது. பெட்ரோலியத் துறையின் கீழ் பிபிஏசி என்ற பிரிவு இருக்கிறது, விலை எப்படிக் கட்டப்படுகிறது, எந்த மாநிலத்தில் எவ்வளவு விற்றது, மானியம் எவ்வளவு என்று தொடர்ந்து வெளியிடுகிறது. சிஏஜி அறிக்கைகளும் அதன் தளத்தில் இலவசம். இரண்டையும் மாதம் ஒரு மணி நேரம் பார்த்தால் பேச்சாளரை மடக்கிக் கேட்க உங்களிடம் எண் இருக்கும்.

இருபது வீடு

ஒரு வீட்டின் ஏழும் நாலும் தனிப் புகார், தவறுதலாக ஏறிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். எங்களுக்கும் முதலில் அதுதான் நடந்தது. இருபது வீட்டின் எண்ணைச் சேர்த்துக் கொண்டு போனால் தவறுதல் என்ற வார்த்தை எடுபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, அத்தையையே கூட அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வெளியூர்க்காரன் நோட்டோடு வந்தால் மலை ஜனம் ஓட்டுக்கோ கடனுக்கோ வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், அதனால் அந்த ஊர் மனிதர் ஒருவர் கூட இருப்பது முக்கியம். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது மூன்றே கேள்வி: போன வருஷம் எத்தனை சிலிண்டர் மாட்டினீர்கள், கடைசி சிலிண்டருக்கு மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள், மானியம் எந்த வங்கிக்கு வருகிறது. ஆதார் எண்ணையோ பாஸ்புக் நகலையோ வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், உங்கள் நோட்டில் எண்ணிக்கை போதும்.

எதிர்ப்பக்க எண்ணுக்கு, அதாவது கம்பெனி பதிவில் இருப்பதைக் கேட்டு வாங்க, தகவல் அறியும் உரிமைச் சட்டம். கேஸ் ஏஜென்சி தனியாருடையது, ஆனால் எண்ணெய்க் கம்பெனி மத்தியப் பொதுத்துறை, எனவே மனு கம்பெனியின் மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, சட்டத்தின் 6ஆம் பிரிவு இரண்டையும் சொல்கிறது. கட்டணம் 10 ரூபாய், தபால் அலுவலகத்தில் போஸ்டல் ஆர்டர் வாங்கி இணைக்கலாம், ஆன்லைனிலும் கட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்றின் நகல் வைத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுத உதவ வேண்டியது அந்த அலுவலரின் கடமை. நாங்கள் இரண்டு மனு போட்டோம். ஒன்று அத்தை பெயரில், அத்தையின் பதிவை மட்டும் கேட்டு, சொந்தத் தகவலைத் தானே கேட்கும்போது தனிநபர் தகவல் என்று மறுக்க வழியில்லை. இன்னொன்று என் பெயரில், யார் பெயரும் கேட்காமல் மொத்த எண்ணிக்கை மட்டும் கேட்டு. அதில் இருந்த கேள்விகள்:

1. இந்த ஏஜென்சியின் கீழ் இந்த ஊராட்சியில் உள்ள உஜ்வாலா இணைப்புகளின் மொத்த எண்ணிக்கை.
2. போன வருஷம் ஏப்ரல் 1 முதல் இந்த வருஷம் மார்ச் 31 வரை அந்த இணைப்புகளுக்கு மாதவாரியாகக் கொடுத்ததாகப் பதிவான சிலிண்டர்களின் எண்ணிக்கை.
3. அவற்றில் ஓடிபி இல்லாமல் டெலிவரி முடிந்ததாகப் பதிவானவை எத்தனை.
4. இந்த ஊராட்சிக்கு டெலிவரிக்காக வசூலிக்க அனுமதித்த கட்டணம், அதற்கான உத்தரவின் நகல்.
5. இந்தக் காலத்தில் ஏஜென்சியை ஆய்வு செய்த தேதிகள், ஆய்வு அறிக்கைகளின் நகல்.

ஏன், எப்படி என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் இது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். எத்தனை, எந்தத் தேதி, எந்த உத்தரவின் நகல் என்று பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை அல்லது அரைகுறை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, இதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள். அத்தையின் மனுவுக்கு 27ஆம் நாள் பதில் வந்தது. என்னுடையதில் மூன்றாவது, ஐந்தாவது கேள்விகளுக்கு வணிக ரகசியம் என்று மறுத்தார்கள், மேல்முறையீடு செய்தபிறகு மூன்றாவதுக்கு மட்டும் எண் கொடுத்தார்கள்.

பதில் கையில் வந்ததும் திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். மலையிலிருந்து வருபவர்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் டோக்கன் கூட்டத்துக்கு முன்னால் வரலாம். மனு ஒரு பக்கம் போதும், முதல் பத்தியிலேயே எண்ணைச் சொல்லிவிடுங்கள்: இருபது வீட்டில் எண்ணியது இவ்வளவு, கம்பெனி பதிவில் அதே ஊருக்கு இவ்வளவு. மனு எண்ணோடு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வேலை நாளை இழக்க முடியாதவர்கள் 1100க்கு ஃபோன் செய்து முதல்வரின் முகவரி பிரிவில் பதியலாம், கேஸ் கம்பெனிப் புகாருக்கு 1800 2333 555, கேஸ் கசிவு என்றால் 1906. புகார் கொடுத்த வீட்டுக்குச் சிலிண்டர் தாமதமாகும் என்ற பயம் மலையில் நிஜமானது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. அதனால்தான் மனுவில் தனி வீடுகளின் பெயரைத் தவிர்த்து, கையெழுத்தை எல்லாரும் சேர்ந்து போட்டோம். கம்பெனியிலிருந்து அதிகாரி ஒருவர் மலைக்கு வந்து எங்கள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார், இப்போது சிலிண்டர் வந்த பிறகுதான் எஸ்எம்எஸ் வருகிறது. அந்த மூன்று சிலிண்டருக்கு எழுத்தில் விளக்கம் இன்னும் வரவில்லை, இரண்டாம் மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

அடுத்து கிராம சபை. ஆகஸ்டு 15ல் இந்த எண்களை வாசித்துத் தீர்மானமாக ஏற்றக் கேட்டோம், அஜெண்டாவில் இல்லை என்றார்கள், அக்டோபர் 2க்கு எழுத்தில் முன்கூட்டியே கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. நோட்டில் இருபது வீடு முடிந்தது, ஓடைக்கு அந்தப் பக்கம் பதினாலு வீடு பாக்கி, மழை விட்டால் வரும் ஞாயிறு அத்தையும் நானும் போகிறோம்.